பாஸ்வேர்டு இல்லாத வீடு

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பல்லடம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பத்து ஓட்டு வீடுகள் எதிரும் புதிருமாக நிற்கும் எங்கள் காம்பவுண்டில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர். நான் பழகிய காலத்தில் ஐம்பதைத் தாண்டிய கட்டிங் மாஸ்டர். இடது ஆள்காட்டி விரலின் நுனியைத் துணி வெட்டும் மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த மொட்டை விரலால்தான் எதையும் சுட்டிக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். மற்ற நாட்களில் சட்டையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும்.

அவருக்குக் கதவைச் சாத்தத் தெரியாது. பகலில் அந்த வீட்டுக் கதவு மூடி நான் பார்த்ததில்லை. சைக்கிளுக்குப் பூட்டு கிடையாது. அப்படி இரண்டு சைக்கிள் போனது. ஒருமுறை அடுப்பிலிருந்த குக்கரையே யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார்.

“சோத்தோடவாட்டி எடுத்துட்டுப் போனான்?”

“ஆமா, சோத்தோடதான்.”

“அப்போ பசிச்சவனாத்தான் இருக்கும். விடு.”

அந்த வருஷம் மின்வெட்டு அதிகம். கரண்ட் இருக்கிற நேரத்தில் அவர் வீட்டு சுவிட்ச் போர்டில் யார் யாருடைய செல்போன்களோ சார்ஜில் தொங்கிக்கொண்டிருக்கும். வடக்கிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் அவர் பெயர்கூடத் தெரியாமல் உள்ளே வந்து, போனைச் சொருகிவிட்டு, குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டுப் போவார்கள். லாரித் தண்ணீர் வராத நாட்களில் அவர் வீட்டு டிரம்தான் பாதிக் காம்பவுண்டுக்கு.

அது நல்ல குணமா, யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியாத பலவீனமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அக்காவுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. முதுகுத்தண்டில் கட்டி வந்து அவர் படுத்த படுக்கையான பிறகு ஒரு நாள் என்னிடமே சொன்னார்.

“பாருங்க தம்பி, நான் கெடக்குத கெடையில வாரவன் போறவன்லாம் எட்டிப் பாக்கான். ஒரு கதவச் சாத்துனா இவுகளுக்கு என்ன கொறஞ்சா போவும்?”

அண்ணாச்சி எழுந்து கதவைச் சாத்தினார். வெளியே யாரோ “அண்ணாச்சி” என்றார்கள். திறந்தார். பிறகு அதைச் சாத்த மறந்துபோனார். அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் அடுத்த வீடு. அம்மாவும் நானும் இருந்தோம். ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசர் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் அனுப்பி, சாம்பிள் அனுப்பி, திட்டு வாங்குகிற வேலை. அமெரிக்காவில் பேங்க் கவிழ்ந்து இங்கே ஆர்டர்கள் நின்றுபோன நேரம் அது. வாரத்துக்கு ஒரு கம்பெனியில் ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஆபீசில் பாதிப் பேரை அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த என்னிடம் ஒரு லேப்டாப்பைக் கொடுத்திருந்தார்கள். வேலை விஷயம் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எனக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது.

அண்ணாச்சிக்கு ஒரே மகள். நர்சிங் படித்துவிட்டு வளைகுடாவில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். ஒப்பந்தம் முடியும்வரை லீவு கிடையாது. அம்மாவின் நிலைமை தெரிந்ததும், ஊருக்கு வந்த தோழி ஒருத்தியிடம் தன்னுடைய பழைய லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று முகம் பார்த்துப் பேசலாம்.

அண்ணாச்சிக்கு எதிரெதிராக இரண்டு அறைகள். நடுவே எல்லோரும் போய்வருகிற பொது நடை. டெலிபோன் லைனும் மகளோடு பேசப் புதிதாக வாங்கிய இன்டர்நெட் மோடமும் ஒரு அறையில். அக்கா படுத்திருந்தது எதிர் அறையில். அவரைப் புரட்டினாலே அலறுவார், தூக்கிக்கொண்டு வர வழியில்லை. அண்ணாச்சி நடையின் குறுக்கே ஒரு மஞ்சள் வயரை இழுத்தார். இரண்டாம் வாரமே தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் தடுக்கி விழுந்தாள். வீட்டுக்காரர் வந்து நின்றார்.

“வயரை எடுத்துப் போடுங்க அண்ணாச்சி. யாராச்சும் உழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா நாந்தானுங்க பதில் சொல்லோணும்.”

ஓட்டின் மேலாக இழுத்தோம். எலி கடித்தது. அப்போதுதான் நான் வயர்லெஸ் ரூட்டர் என்று ஒன்று இருப்பதைச் சொன்னேன். வயரே வேண்டாம், காற்றில் போகும் என்றதும் அண்ணாச்சி என்னை நம்பாமல் பார்த்தார்.

“சுவரு இருக்கே தம்பி?”

“சுவரைத் தாண்டிப் போகுமுங்க.”

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். மூடப்பட்ட கம்பெனிகளின் கம்ப்யூட்டர், பிரிண்டர், சுழல் நாற்காலி எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. கடைக்காரர் குவியலுக்குள் கைவிட்டு ஒரு ரூட்டரை எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். இரண்டு ஆண்டெனாவில் ஒன்று உடைந்து டேப் சுற்றியிருந்தது. மேலே ‘அக்கவுண்ட்ஸ்’ என்று இங்கிலீஷில் ஸ்டிக்கர்.

“புதுசு வாங்கினா இதுல அஞ்சு மடங்கு ஆகுமுங்க. இது பழைய மாடல், தூரம் அவ்வளவா எட்டாது. ஊட்டுக்குப் போதுமுங்க,” என்றார் கடைக்காரர்.

“எந்தக் கம்பெனியோடது?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“அதெல்லாம் யாருங்க பாத்தா? மூட்டையா வருது, எடை போட்டு வாங்கறோம்.”

அண்ணாச்சி அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா காலையிலேயே தலைவாரிப் பவுடர் போட்டுவிடச் சொல்லியிருந்தார். லேப்டாப்பை ஒரு பலகையில் வைத்து, அவர் படுத்தபடியே பார்க்கிற மாதிரி அண்ணாச்சி சாய்த்துப் பிடித்துக்கொண்டார். படம் விட்டு விட்டு வந்தது. மகள் முகம் தெரிந்ததும் அக்கா கையை நீட்டித் திரையைத் தடவினார்.

“ஏட்டி, மெலிஞ்சிட்டியே. தலைமுடி எங்க போச்சு? திரும்பு, பாப்போம்.”

மகள் திரும்பிக் காட்டினாள். மகளைப் பார்க்க அண்ணாச்சியும் எட்டிக் குனிந்ததில் பலகை ஆடியது. “ஆட்டாம பிடிங்க,” என்று அக்கா அதட்டினார். அந்த அறையில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

பாஸ்வேர்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதலில் நான் போட்டேன். போட்டதும் மகளின் பழைய லேப்டாப்பில் லைன் அடிக்கடி அறுந்துபோனது. ரூட்டர், லேப்டாப் இரண்டுமே பழசு. ஏதோ ஒத்துப்போகவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சரி செய்திருப்பேன்.

“பாஸ்வேர்டுன்னா என்ன தம்பி, பூட்டு மாதிரியா?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“ஆமாங்க. இல்லாட்டி அக்கம்பக்கத்துல யாரு வேணுன்னாலும் நம்ம லைன்ல நுழைஞ்சுக்கலாம்.”

“நுழையட்டுமே. நம்ம அனுபவிச்சது போக மிச்சந்தான? எடுத்துருங்க.”

எடுத்துவிட்டேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாலும், அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அந்த லைன் எனக்கு நன்றாகக் கிடைத்தது. ஆபீஸ் லேப்டாப்பில் பையர் மெயிலும் பார்க்கலாம், வருங்கால மனைவியோடு அரட்டையும் அடிக்கலாம். அண்ணாச்சியிடம் கேட்டேன். “இதுக்குப் போயி கேப்பியளா?” என்றார். சந்தின் முகப்பில் இருந்த மாடி அறையில் கம்பெனிப் பையன்கள் நாலு பேர் தங்கியிருந்தார்கள். அவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அறைக்குள் எட்டாததால் அவர்களில் ஒருவன் படியில் உட்கார்ந்து லேப்டாப் பார்ப்பதை அண்ணாச்சியும் பார்த்திருக்கிறார். “வெயில்ல ஏன் இருக்கிய, உள்ள வந்து பாருங்க,” என்று அவனையும் கூப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் போலீஸ் வந்தது.

ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண்ணின் போட்டோவைப் போட்டு, அவள் பெயரில் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தொடங்கி, காசுக்கு வருவாள் என்று எழுதி, செல் நம்பரையும் எவனோ கொடுத்திருந்தான். நாள் முழுக்க ஆண்கள் அழைத்திருக்கிறார்கள். வீட்டில் அடித்திருக்கிறார்கள். அந்தப் பெண் உயிரை விடப் பார்த்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த இன்டர்நெட் பக்கம் எந்த லைனிலிருந்து போடப்பட்டது என்று தேடிக்கொண்டு வந்தவர்கள் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் நடையில் நின்று காகிதத்தைக் காட்டிப் படித்தார். காம்பவுண்டே கூடி நின்றது. அண்ணாச்சிக்கு முதலில் விஷயம் புரியவில்லை. புரிந்ததும் அக்கா இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கதவும் திறந்துதான் இருந்தது.

“இந்த லைனை நீ தவிர வேற யாருய்யா யூஸ் பண்றது?” என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பிறகு எங்களைப் பார்த்தார். “யாராச்சும் யூஸ் பண்ணீங்களா? இப்பவே சொல்லிடுங்க. ஊடு ஊடா ஏறி எடுத்தேன்னா அப்புறம் கம்ப்யூட்டரும் போகும், ஆளும் வரணும்.”

மாடிப் பையன்கள் மூன்று பேர் தலையை ஆட்டி இல்லை என்றார்கள். ஒருவன் அன்று இல்லவே இல்லை. என் முறை வந்தது. கட்டிலுக்கு அடியில் ஆபீஸ் லேப்டாப் இருந்தது. அது போலீஸ் கைக்குப் போனால் அன்றைக்கே வேலை போகும். இப்படி ஒரு கேஸில் பெயர் அடிபட்டால் கல்யாணமும் நிற்கும். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் பயந்திருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

“தம்பிட்ட கம்ப்யூட்டரே கெடையாது சார்,” என்றார்.

“இல்லீங்க சார்,” என்றேன் நானும்.

அவ்வளவுதான். வயர் இல்லாமல் அந்த லைன் சுவர்களைத் தாண்டிப் போகும், அதில் நாலைந்து பேர் நுழைந்துகொண்டிருந்தோம் என்று அங்கே விளக்கிச் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேறு யாரும் தொடவில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டதால், தொட்டவர் அவர் ஒருவர்தான் என்று ஆகிவிட்டது. மோடம், ரூட்டர், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் மதியம் விட்டார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கியபோது இடது காதைப் பொத்தியிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்காது. நான் முன்னால் போய் நின்றேன்.

“அம்மாவும் நீங்களும் இவளப் பாத்துக்கிட்டியளாமே. சந்தோசம் தம்பி,” என்றார்.

உண்மைதான். மூன்று நாளும் என் அம்மாதான் அக்காவைத் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டினாள். நான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

கம்பெனியில் அவரை உள்ளே விடவில்லை. பொம்பளைங்க வேலை செய்யற இடம், கேஸ் முடியட்டும் என்றார்கள். காம்பவுண்டில் செல்போன் சார்ஜ் போட யாரும் போகவில்லை. தண்ணீர் டிரம் பக்கமும் போகவில்லை. பெண்கள் அவர் வீட்டைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். அண்ணாச்சி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் மகள் செல்போனில் கூப்பிட்டாள். ஆனால் அக்காவின் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. “பாக்கணும், மொகத்தப் பாக்கணும்,” என்று மட்டும் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் மாத்திரையோடு உள்ளே போனபோது அக்கா என் கையைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

“தம்பி, உங்க கம்ப்யூட்டர் இருக்குல்லா? அதுல எம்புள்ளைய ஒருக்கா காட்டுவியளா?”

அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே எத்தனையோ முறை அந்த லேப்டாப்பை விரித்து வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாதா? ஆபீசில், டெலிபோன் லைன் இல்லாமலே இன்டர்நெட் தருகிற ஒரு டேட்டா கார்டும் இருந்தது. கேட்டால் ஒரு நாளைக்குக் கொடுத்திருப்பார்கள். ஆனால் போலீஸ்காரர் ஒருவர் தினமும் சந்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால்?

அண்ணாச்சி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“தம்பிட்ட ஏதுட்டி? அது ஆபீசுக்குள்ளதுல்லா.”

“திருப்பிக் குடுத்துட்டனுங்க, அக்கா,” என்றேன்.

அக்கா கையை விட்டுவிட்டார். “சரி தம்பி,” என்றார்.

ஒன்பது நாள் கழித்து அவர் இறந்துபோனார். மகளால் வரமுடியவில்லை. பெட்டியின் நாலு மூலைக்கு ஆள் தேவைப்பட்டபோது, சர்ச்சிலிருந்து வந்த மூன்று பேரோடு நான் நாலாவது ஆளாகத் தோள் கொடுத்தேன்.

பிறகு இரண்டு மாதத்தில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். மாடி அறையில் இருந்து, போலீஸ் வந்த வாரமே காலி செய்துகொண்டு போனவன். அண்ணாச்சி வெயிலில் இருக்காதே என்று உள்ளே கூப்பிட்டவன். அந்தப் பெண் அவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றிருக்கிறாள். அண்ணாச்சியிடம் யாரும் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சாக்குப்பையைத் திரும்ப வாங்க நாலு தடவை கோர்ட்டுக்கு அலைந்தார். கம்பெனி அவர் இடத்துக்கு வேறு மாஸ்டரை எடுத்திருந்தது. காம்பவுண்டுக்காரர்கள் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குக் கல்யாணம் நடந்தது. அவர் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒப்பந்தம் முடிந்து, அதைப் புதுப்பித்து, மகள் லீவில் வந்தது அதற்கும் பிறகு. ஒரு மாலை என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டார்கள். அவள் ரூட்டரை மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல பாஸ்வேர்டு போட முடியாதாண்ணே? நீங்கதான செட் பண்ணிக் குடுத்தீங்க?”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

“தம்பி போட்டுத்தான் தந்தாப்ல. நாந்தான் எடுக்கச் சொன்னேன்.”

“எதுக்கு?”

“தொறந்து கெடந்துட்டுப் போட்டும்னுதான்.”

அவள் அவரையே பார்த்தாள். “சரிப்பா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. இவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தர்ட்டகூடவா கம்ப்யூட்டர் இல்ல? அம்மா அவ்வளவு கெஞ்சிருக்கா. ஒருக்கா என்னய அவளுக்குக் காட்டியிருக்கலாம்லா. யார்ட்டயெல்லாம் கேட்டீங்க?”

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பயப்பட எதுவும் மிச்சமில்லை. கேஸ் முடிந்துவிட்டது, கல்யாணம் ஆகிவிட்டது, வேலையும் நிலைத்துவிட்டது. அவள் என்னை ஒருமுறை வெறுத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். அதற்குள் அண்ணாச்சி சொன்னார்.

“யார்ட்டயும் கேக்கலம்மா.”

“கேக்கவே இல்லையா?”

“கேக்கல.”

அவள் எழுந்து எதிர் அறைக்குப் போனாள். அக்கா கிடந்த அறைக்கு. நானும் அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் கேட்கிற பக்கமாக நகர்ந்து, “ஏனுங்க அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க?” என்றேன்.

“அவளுக்கு யாரு மேலயாச்சும் கோவப்படணும் தம்பி. எம்மேலன்னா பழகுன ஆளு. காப்பியக் குடிங்க,” என்றார்.

குடித்தேன்.

லீவில் மிச்சமிருந்த நாட்களில் அவள் அப்பாவோடு பேசவில்லை. புறப்படும்போது அவர் பெட்டியைத் தூக்க வந்தார். அவள் அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள். பஸ் ஏறும் முன் ஒரு சீட்டில் அவளுடைய மெயில் முகவரியை எழுதிக் கொடுத்தாள். “அவருக்கு ஏதாச்சும்னா எழுதுங்கண்ணே. நான் அவருக்குப் போன் பண்ண மாட்டேன்.”

அடுத்த மாதம் அண்ணாச்சி வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனார். அங்கே தங்கை மகன் வீட்டில் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு என்னைக் கூப்பிடுவார். என் மனைவியை, அம்மாவை, பிறகு பிறந்த குழந்தையை விசாரிப்பார். மகள் பேசினாளா என்று நான் கேட்டதில்லை. மூன்றாவது வருஷம் அவர் கூப்பிடவில்லை. ஜனவரியில் தங்கை மகன் கூப்பிட்டான்.

நான் அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். போலீஸ் வந்த காலை, கட்டிலுக்கு அடியில் இருந்த லேப்டாப், அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டது எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அப்பா யாரிடமும் கேட்கவில்லை என்றது என்னை மறைக்கத்தான், அம்மா கேட்டது என்னிடம்தான் என்றும் எழுதினேன். பிறகு அது அத்தனையையும் அழித்துவிட்டு, அப்பா போய்விட்டார், அடக்கம் நேற்று முடிந்தது என்று மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள், நன்றி அண்ணா என்று எழுதியிருந்தாள்.